கிண்ணத்தில் குமிழி, நுனியில் அடைப்பு: ஏர்பிரஷ்ஷைத் தினமும் பிரித்துக் கழுவ வேண்டுமா?

புதுவண்ணம்

வணக்கம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. கிண்ணம் மேலே இருக்கும் வகை, இரட்டை இயக்கம் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம்), 0.3 மி.மீ. நாசில், அதாவது வண்ணம் வெளிவரும் நுண்துளை முனை. சிறிய விமான, கப்பல் மாதிரிகளுக்கு அக்ரிலிக் வண்ணம் அடிக்கிறேன். முதல் மூன்று மாதம் கருவி சொன்னபடி கேட்டது. கடந்த பத்து நாட்களாகப் படுத்துகிறது.

விசையைக் கீழே அழுத்திக் காற்றை மட்டும் விட்டாலே கிண்ணத்தில் வண்ணம் கொப்பளிக்கிறது. விசையைப் பின்னால் இழுத்தால் வண்ணம் சீராக வராமல் விட்டுவிட்டுத் தெறிக்கிறது. போதாக்குறைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நுனி அடைத்துக்கொள்கிறது.

பராமரிப்பில் நான் குறை வைக்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஊசி, நாசில், முன்மூடி, விசை, அடியில் உள்ள காற்று வால்வு வரை எல்லாவற்றையும் பிரித்துக் கழுவுகிறேன். நாசிலைக் கருவியோடு வந்த சிறிய சாவியால் நன்றாக முடுக்கித்தான் பூட்டுகிறேன். குமிழி வரத் தொடங்கியதும், உள்ளே எங்கோ வண்ணம் காய்ந்து கிடக்கிறது என்று நினைத்து, கருவியை அப்படியே லாக்கர் தின்னர் என்னும் கடுமையான கரைப்பானில் ஓர் இரவு ஊற வைத்தேன். மறுநாள் விசையும் கனத்துவிட்டது. அழுத்தினால் தானாக மேலே எழும்புவதில்லை. பாதி வண்ணம் அடித்த இறக்கை மேசையில் கிடக்கிறது. எங்கே தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

ஊசிமுனை

நண்பரே, உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, மூன்று. ஒன்றுக்குச் சொல்லும் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நான் குமிழியை மட்டும் பேசுகிறேன்.

கருவிக்குள் காற்றுக்கு ஒரு வழி, வண்ணத்துக்கு ஒரு வழி. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் நாசிலின் நுனி மட்டும்தான். நாசிலைச் சுற்றிக் காற்று வேகமாக வெளியேறும்போது நுனியில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் வண்ணத்தை உள்ளிருந்து இழுத்து வருகிறது. இப்போது நாசிலின் அடிப்பக்கம் சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? அழுத்தமான காற்று அந்த வழியாக வண்ணத்தின் பாதைக்குள் நுழைந்து பின்பக்கமாகக் கிண்ணத்துக்குப் போகும். நீங்கள் பார்க்கும் குமிழி அதுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். விசையைக் கீழே மட்டும் அழுத்துங்கள், பின்னால் இழுக்க வேண்டாம். ஊசி நாசிலை மூடியிருக்கும் அந்த நிலையிலும் குமிழி வந்தால் கசிவு பெரும்பாலும் நாசிலின் அடியில் இருக்கிறது, அல்லது நாசிலே வெடித்திருக்கிறது. பின்னால் இழுக்கும்போது மட்டும் குமிழி வந்தால் முன்மூடியிலோ நுனியிலோ அடைப்பு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் வகை என்றே தோன்றுகிறது.

இன்னொன்று. 'நன்றாக முடுக்கித்தான் பூட்டுகிறேன்' என்ற வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அந்தச் சாவியில் எவ்வளவு பலம் கொடுக்கிறீர்கள்?

நீர்வண்ணன்

ஊசிமுனை ஐயா சொல்ல வருவது புரிகிறது, ஆனால் பிரித்துக் கழுவுவதைக் குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். நான் பதினோரு ஆண்டுகளாக ஓவியத் தாளிலும் துணியிலும் ஏர்பிரஷ் பிடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஊசியையும் நாசிலையும் கழற்றாமல் நான் எழுந்ததே இல்லை. ஒரு நாசில்கூட வீணானதில்லை. உள்ளே தங்கும் வண்ணத்தைத் தண்ணீர் மட்டும் ஓட்டி எடுத்துவிட முடியாது. நாசிலுக்குள் மெல்லிய தோல் போல ஒட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

தாரகை

குமிழியைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து நிமிட அடைப்பைப் பற்றி நான் சொல்கிறேன். சிறு உருவங்களுக்கு வண்ணம் அடிக்கும் எனக்கு அது அன்றாடப் போராட்டம்.

அக்ரிலிக் வண்ணத்தில் இருக்கும் தண்ணீர் ஆவியானதும் எஞ்சுவது பிளாஸ்டிக் படலம். ஊசியின் நுனி இடைவிடாமல் காற்றோட்டத்தில் நிற்கிறது. வேறு எந்தப் பகுதியையும்விட அங்கேதான் வண்ணம் சீக்கிரம் காய்கிறது. அந்தக் காய்ந்த துளி வளர்ந்து, ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொண்டு போய்ப் படத்தின் மேல் பொட்டாக விழுகிறது. பிறகு வண்ணம் நின்றுவிடுகிறது. இதற்காகக் கருவியைப் பிரிப்பது வீண் வேலை. தண்ணீரில் அல்லது ஏர்பிரஷ் கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் நுனியை ஒரு முறை தொட்டு எடுத்தால் போதும். நான் நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, அடைப்பு வருவதற்கு முன்பே, கை தானாகப் போய்த் துடைத்துவிடும்.

அடைப்பின் வேர் கலவையில் இருக்கிறது. பாட்டிலில் இருந்து நேராக ஊற்றினால் 0.3 நாசிலுக்கு அது கெட்டி. வெறும் தண்ணீரால் நீர்த்தால் ஒட்டும் தன்மை குறைந்து, வண்ணம் திட்டுத்திட்டாக விலகி நிற்கும். அந்த வண்ணத்துக்கென்றே விற்கும் தின்னரில் நீர்த்து, அதோடு வண்ணத்தைத் தடங்கலின்றி ஓட வைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் ஓரிரு துளி சேர்க்கிறேன். வெப்பமான, வறண்ட நாளில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஒரு துளி. அதிகம் ஊற்றினால் பூச்சு மணிக்கணக்கில் ஈரமாகவே நிற்கும், கவனம்.

பதத்தை எப்படிப் பார்ப்பது? கலந்ததும் கிண்ணத்தின் உட்சுவரில் தூரிகையால் கொஞ்சம் தடவிப் பாருங்கள். வழிந்து இறங்கும்போது பின்னால் ஒரு மெல்லிய, ஒரே சீரான, பின்னிருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் படலத்தை விட்டுச் சென்றால் சரி. அசையாமல் நின்றால் கெட்டி. தடமே இல்லாமல் ஓடிப்போனால் மிகவும் நீர்த்துவிட்டது. அப்படிப்பட்ட வண்ணம் பரப்பில் பட்டதும் சிலந்திக் கால் போல நாலாபுறமும் ஓடும்.

காற்றழுத்தம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் என்றால் அதுவே நுனியை உலர்த்தும்.

புதுவண்ணம்

தாரகை அக்கா, 35 வைத்திருக்கிறேன். அடைத்துக்கொள்ளும்போது கூட்டிக் கூட்டி அங்கே வந்து நின்றது.

ஊசிமுனை ஐயா, ஊசி மூடிய நிலையிலேயே குமிழி வருகிறது. சாவியில் எவ்வளவு பலம் என்று கேட்டீர்கள். இனித் திரும்பாது என்னும் வரை திருப்புவேன். கசியக்கூடாது என்பதற்காகத்தான்.

பழைய பட்டறை

கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை செய்கிறேன். என்னிடம் வரும் ஏர்பிரஷ்களில் தேய்ந்து போனவை குறைவு. கழுவும்போதும் பூட்டும்போதும் உடைந்தவைதான் அதிகம். அதனால் இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

நீர்வண்ணனுக்கும் ஊசிமுனைக்கும் இடையில் பெரிய முரண்பாடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். நாசில் இரண்டு வகை. ஒன்று, திருகு மரை இல்லாமல் வெறுமனே உள்ளே பொருத்தி, மேலே மூடியைத் திருகுவது. அதைத் தினம் பத்து முறை கழற்றினாலும் ஒன்றும் ஆகாது. நீர்வண்ணன் வைத்திருப்பது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். மற்றொன்று, அடியில் நுண்ணிய மரை உள்ள திருகு நாசில். அந்த மரைப் பகுதியின் சுவர் மிக மெல்லியது. பெரும்பாலும் பித்தளை. கைவிரலால் திருகி, அது உட்கார்ந்த பிறகு சாவியை இரு விரல் நுனியால் பிடித்துச் சற்றே ஒரு இழுப்பு. அவ்வளவுதான். மணிக்கட்டு அசைந்தால் அதிகம் என்று பொருள். மரை இருக்கும் கழுத்தில் விரிசல் விழும். சில சமயம் தலை துண்டாகி, மரை உடம்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கசிவை நிறுத்த இறுக்குகிறோம், இறுக்குவதால் விரிசல், விரிசலால் கசிவு, அதனால் இன்னும் இறுக்குகிறோம். இந்தச் சுழலில் சிக்கியவர்கள் ஏராளம். அடி சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் இருந்தால் மரையில் துளி தேன்மெழுகு தடவுங்கள்; அது இடைவெளியை மூடிவிடும்.

தின்னர் விஷயம். கருவியை முழுதாக ஊற வைக்கவே கூடாது. உள்ளே கசிவைத் தடுக்க இருக்கும் ஓ வளையங்கள் எல்லாம் ஒரே பொருள் அல்ல. ஊசியைச் சுற்றி இருப்பது நல்ல கருவிகளில் டெஃப்லான். அது எந்தக் கரைப்பானுக்கும் அசையாது. காற்று வால்வில் இருப்பது பெரும்பாலும் சாதாரண ரப்பர். லாக்கர் தின்னரில் ஓர் இரவு கிடந்தால் அது ஊறிப் பருத்துவிடும். உங்கள் விசை எழும்பாததற்குக் காரணம் அதுதான்: பருத்த வளையம் வால்வின் தண்டைக் கவ்விப் பிடிக்கிறது. வளையத்தை மாற்றுவதே நல்லது. சுருங்கினாலும் பழைய வடிவத்துக்கு வராது. ஊற வைக்க வேண்டியவை நாசில், முன்மூடி, ஊசி ஆகிய உலோக உறுப்புகள் மட்டும். அதுவும் அரை மணி நேரம் போதும்.

அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் அக்ரிலிக்கை அருமையாகக் கரைக்கும் என்று பலர் பயன்படுத்துகிறார்கள். கரைக்கும், உண்மைதான். ஓட்டிவிட்டு உடனே தண்ணீரால் அலசினால் பெரிதாகப் பாதகம் இல்லை. உள்ளே விட்டு வைத்தால் பித்தளையை அரிக்கும். முலாம் தேய்ந்த இடத்தில் பச்சை பூப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் போடுவதிலும் ஒரு வார்த்தை. தையல் எந்திர எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். எண்ணெய்த் துளி வண்ணத்தோடு கலந்தால் பூச்சில் மீன்கண் போலக் குழிகள் விழும். ஏர்பிரஷ்ஷுக்கென்று விற்கும் மசகை ஊசியின் பின்பாதியிலும் வால்வுத் தண்டிலும் பட்டும் படாமலும் தடவினால் போதும்.

புதுவண்ணம்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி இன்று காலை சன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

நாசிலின் கழுத்தில், மரை தொடங்கும் இடத்தில், ஒரு கோடு. முதலில் வண்ணக் கறை என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. நாசிலைக் கொஞ்சம் திருப்பியதும் கோட்டின் ஒரு விளிம்பில் மட்டும் வெளிச்சம் பட்டு மின்னியது. விரிசல்தான். கால்வட்டம் அளவுக்குச் சுற்றி ஓடுகிறது. வெறும் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

ஊசியையும் பார்த்தேன். நுனி ஒரு பக்கமாகத் துளி வளைந்து, தூண்டில் போல இருக்கிறது. பஞ்சின் மேல் இழுத்தால் இழை மாட்டிக்கொண்டு வருகிறது. எப்போது வளைந்தது என்றே தெரியவில்லை. நான்கு மாதம் இதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முறைகூட இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஊசிமுனை

வருந்த வேண்டாம். விரிசலை நேரில் பார்த்த கை இனி அதிகமாக முடுக்காது.

நாசிலை மாற்றிவிடுங்கள், ஒட்டவோ அடைக்கவோ முயல வேண்டாம். ஊசியை ஒருவேளை மீட்கலாம். வழவழப்பான கண்ணாடித் துண்டின் மேல் ஊசியைப் படுக்க வைத்து, நுனிக்கு மேல் ஏதாவது தட்டையான உலோகப் பரப்பை மெதுவாக அழுத்தி, ஊசியைச் சுழற்றியபடி பின்னால் இழுங்கள். பல முறை. பிறகு 2000-க்கு மேற்பட்ட நுண்மணல் காகிதத்தில் நுனிப் பக்கமாகச் சுழற்றி இழுத்துப் பாருங்கள். பஞ்சில் மாட்டாமல் வழுக்கினால் வேலைக்கு ஆகும். வளைந்த ஊசியோடு அடித்தால் வண்ணம் ஒரு பக்கமாகச் சாயும். அதைவிட மோசம், அந்தக் கொக்கி ஒவ்வொரு முறையும் புதிய நாசிலின் உட்சுவரைக் கீறும். ஆகவே ஊசியைச் சரிசெய்யாமல் நாசிலைப் பூட்டாதீர்கள்.

ஊசியைத் திரும்பப் போடும்போது தடுக்கும் இடம் வரை மெதுவாகத் தள்ளி, அங்கேயே நிறுத்துங்கள். கொஞ்சம் அழுத்தி வைப்போம் என்று அழுத்தினால் நாசிலின் வாய் ஊதுகுழல் போல விரிந்துவிடும். வாய் விரிந்த நாசிலில் மெல்லிய கோடு வராது.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி. தினமும் பிரிக்க வேண்டுமா? உங்கள் திருகு நாசிலுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். சுத்தம் என்பது வேலை முடிந்த பிறகு செய்யும் சடங்கு அல்ல, வண்ணம் ஈரமாக இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் செய்யும் காரியம். என் வழக்கத்தைச் சொல்கிறேன். மிச்ச வண்ணத்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் காகிதத்தால் துடைப்பேன். தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, மெல்லிய தூரிகையால் கிண்ணத்தின் அடிமூலையைக் கலக்கி, முழுவதும் அடித்து வெளியேற்றுவேன். அடுத்து நாலைந்து துளி கிளீனர். அழுத்தத்தைக் குறைத்து, முன்மூடியின் வாயைத் துணியால் லேசாக மூடி, விசையை மெல்லத் தொட்டால் காற்று பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழியிடும். உள்ளே ஒட்டியிருந்தது கலங்கி மேலே வரும். உங்களுக்கு நோயாக வந்த அதே குமிழியை இங்கே நாமே வரவழைக்கிறோம். கிண்ணத்துக்கு மூடி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும். அதைக் கொட்டி, மறுபடி தண்ணீர், வெள்ளைத் தாளில் நிறமே தெரியாத வரை. கடைசியாக ஊசியைப் பின்னால் உருவி, ஈரத் துணியின் மடிப்பில் வைத்து, நுனியை நோக்கிச் சுழற்றித் துடைத்துத் திருப்பிப் போடுவேன். நாசிலைத் தொடுவதே இல்லை. மாதத்துக்கு ஒரு முறை, அல்லது அறிகுறி தெரிந்தால், கழற்றுவேன்.

நீர்வண்ணன்

பழைய பட்டறை சொன்னது சரி. என் கருவியில் நாசிலுக்கு மரை கிடையாது. இந்த வேறுபாட்டை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். திருகு நாசில் வைத்திருப்பவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னொன்றும் உடைந்திருக்கும். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் ஊசியைப் பின்னால் உருவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நுனியில் இருக்கும் வண்ணம் ஊசியோடு சேர்ந்து டெஃப்லான் வளையத்தின் வழியாகப் பின்னால் போகிறது. நாளடைவில் விசை இருக்கும் அறையில் வண்ணம் சேர்ந்து, விசை ஒட்டத் தொடங்குகிறது. நான் நாசிலைக் கழற்றிவிட்டு ஊசியை முன்பக்கமாக எடுக்கிறேன்.

மேலும், எல்லா வண்ணமும் அக்ரிலிக் அல்ல. இரண்டு பாகம் கலந்து இறுகும் பளபளப்புப் பூச்சை அடித்தவர்கள் அன்றே, அந்த நேரமே, பிரித்துத்தான் ஆக வேண்டும். அது காய்வதில்லை, வேதிவினையால் இறுகுகிறது. இறுகிய பிறகு எந்தத் தின்னராலும் அதைக் கரைக்க முடியாது.

ஊசிமுனை

இரு பாகப் பூச்சு பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஊசி விஷயத்தில், கருவியை நன்றாக அலசிய பிறகே நான் உருவுகிறேன். அப்போது நுனியில் இருப்பது தண்ணீர்தான். அடைத்துக்கொண்ட நிலையில் அலசாமல் உருவினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். முன்பக்கம் எடுக்க நாசிலைக் கழற்ற வேண்டுமே, அதைத்தான் நான் தவிர்க்கப் பார்க்கிறேன்.

வெண்மேகம்

இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின.

ரெகுலேட்டரில் அழுத்தத்தைப் படிக்கும்போது விசையை அழுத்திக் காற்று ஓடும் நிலையில் படியுங்கள். ஓடாத நிலையில் 20 காட்டும் முள், காற்று ஓடத் தொடங்கியதும் பல பிஎஸ்ஐ இறங்கிவிடும். ஓடும் நிலையில் 15 முதல் 20 பிஎஸ்ஐ, அதாவது 1 முதல் 1.4 பார், நீர்த்த அக்ரிலிக்குக்குப் போதும். விட்டுவிட்டுத் தெறிப்பதற்குக் கம்ப்ரசரும் காரணமாகலாம். காற்றுத் தொட்டி இல்லாத கம்ப்ரசரில் பிஸ்டனின் துடிப்பு நுனி வரை வரும். அமெரிக்காவின் அயோவாவில் அப்னர் பீலர் 1879-இல் உருவாக்கிய கருவிக்குக் காற்றைக் கையால்தான் அழுத்தித் தர வேண்டியிருந்தது. அன்றைய ஓவியர்கள் எப்படிச் சீரான கோடு போட்டார்களோ என்று நான் வியப்பதுண்டு. தொட்டி இருந்தால் அடியில் உள்ள குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வேலை முடிந்ததும் வெளியேற்றுங்கள். குழாயில் ஈரம் பிடிக்கும் குடுவை வைத்தாலும் அதுவும் நிரம்பும்.

அடுத்து, முகக்கவசம். தண்ணீரில் கரையும் வண்ணம்தானே, ஆபத்தில்லை என்று பலர் வெறும் மூக்கோடு அடிக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் ஆவியாகிவிடும்; நிறமியும் பிளாஸ்டிக்கும் நுண்துகளாக நுரையீரலுக்குப் போகும். துகளைத் தடுக்கும் என்95 அல்லது பி100 வடிகட்டி வேண்டும். லாக்கர், எனாமல் என்றால் கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜும் சேர வேண்டும். நீர்வண்ணன் சொன்ன இரு பாகப் பூச்சுகள் பலவற்றில் ஐசோசயனேட் என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. அதற்குச் சாதாரணக் கவசம் போதாது; வெளியிலிருந்து தூய காற்று தரும் கருவி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். காட்மியம் நிறமி உள்ள வண்ணக் குழாய்களின் மேல் ஸ்பிரே செய்யக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். அது அழகான மஞ்சள்தான், ஆனால் தூரிகையில் மட்டும். நுனியைச் சுத்தம் செய்யக் கிளீனரை அடிக்கும்போதும் கவசம் முகத்தில் இருக்கட்டும்.

புதுவண்ணம்

ஆறு நாள் கழித்து வருகிறேன். புதிய நாசில், வால்வுக்குப் புதிய வளையம் வந்து சேர்ந்தன. ஊசியைக் கண்ணாடியில் உருட்டி உருட்டி நேராக்கினேன், பஞ்சில் மாட்டவில்லை. நாசிலை விரலால் திருகி, சாவியை இரண்டு விரல் நுனியில் பிடித்து ஒரே ஒரு சிறு இழுப்பு. கை இன்னும் கொஞ்சம் திருப்பச் சொன்னது, நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் ஊற்றி விசையை அழுத்தினேன். கிண்ணத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுத்தம் ஓடும் நிலையில் 18. சாம்பல் நிறத்தைத் தாரகை அக்கா சொன்ன பதத்தில் கலந்து, காகிதத்தில் அகன்று தொடங்கிக் கூர்ந்து முடியும் கோடுகளை ஒரு பக்கம் முழுவதும் போட்டேன். முதலில் காற்று, பிறகு வண்ணம்; நிறுத்தும்போது முதலில் வண்ணம், பிறகு காற்று. நாற்பது நிமிடம் வேலை செய்ததில் ஒரு பொட்டுகூட விழவில்லை. இறக்கையின் மறுபாதி முடிந்தது. வெள்ளையில் மட்டும் இன்னும் அடைக்கிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

தாரகை

வெள்ளை எல்லோருக்கும் அடைக்கும், தம்பி. அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு கனமான நிறமி, சீக்கிரம் அடியில் தங்கிவிடும். பாட்டிலை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் குலுக்குங்கள். கலந்ததை மெல்லிய வலையில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். கிண்ணத்தை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினைந்து துளியாகப் போடுங்கள். ஒரே பூச்சில் மூடப் பார்க்காமல் நான்கைந்து மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். 0.5 நாசில் இருந்தால் வெள்ளைக்கென்று அதை ஒதுக்கி வையுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். விமானம் முடிந்ததும் படம் போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.